பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தியா? மருத்துவமனையில் மயங்கவைக்கும் ஆங்கிலச் சொற்கள்

மாமல்லபுரத்தை அடுத்த கடலோர ஊர் ஒன்றிலிருந்து, அறுபது வயதைக் கடந்த மீனவப் பெரியவர் ஒருவர் விடாத இருமலோடு எங்களிடம் வந்தார். மருத்துவர் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்த நாளில் புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் மிகுதி. "ஐயா, உங்களுக்குப் பாசிட்டிவ் வந்திருக்கு" என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்தோம். அதற்குப் பின் சொன்னவை கூட்டத்தின் இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. பெரியவர் கும்பிட்டுவிட்டு, மனநிறைவோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து அவருடைய மகள் அவரை அழைத்துவந்தார். இருமலில் இரத்தம் கலந்திருந்தது. "பாசிட்டிவ்னு சொன்னாங்களே சிஸ்டர், எல்லாம் நல்லபடியா இருக்குன்னுதான் நெனச்சோம்" என்றார் அந்த மகள். காசநோய்க் கிருமி இருப்பது உறுதி என்பதே அந்தச் சீட்டின் பொருள். அந்தப் பன்னிரண்டு இரவும் நான்கு வயதுப் பேரன் தாத்தாவின் பாயில்தான் படுத்திருந்தான்.

பிழை பெரியவருடையதன்று. 'பாசிட்டிவாக இருங்கள்', 'பாசிட்டிவாகப் பேசுங்கள்' என்று தொலைக்காட்சியிலும் மேடைகளிலும் கேட்டுப் பழகிய காது அவருடையது. அதே சொல்லை வேறு பொருளில் பயன்படுத்திவிட்டு, அந்த வேறுபாட்டை விளக்காமல் விட்டது எங்கள் பிழை. அன்று முதல் எங்களிடம் வருகிறவர்களை மயங்கவைக்கும் ஆங்கிலச் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறோம். அவற்றுள் உயிரோடும் உடல்நலத்தோடும் நேரடியாகத் தொடர்புடைய சிலவற்றை இங்கே விளக்குகிறோம்.

பாசிட்டிவ், நெகட்டிவ்

ஆய்வகத்தில் 'பாசிட்டிவ்' என்றால் 'தேடியது இருக்கிறது' என்று பொருள். 'நெகட்டிவ்' என்றால் 'தேடியது தென்படவில்லை' என்று பொருள். தேடியது நோய்க்கிருமியாக இருந்தால் பாசிட்டிவ் கவலைக்குரிய செய்தி. தேடியது கருவாக இருந்தால், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்கு அதுவே மகிழ்ச்சியான செய்தி. ஆகவே 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டவுடன், 'எதைத் தேடினீர்கள்?' என்று கேளுங்கள். சில சீட்டுகளில் இவற்றுக்குப் பதிலாக 'ரியாக்டிவ்', 'நான் ரியாக்டிவ்' என்ற சொற்கள் இருக்கும். பொருள் ஏறக்குறைய அதுவே.

இரத்த வகையில் வரும் பாசிட்டிவும் நெகட்டிவும் வேறு. 'ஓ நெகட்டிவ்' என்பது நோயுமன்று, குறையுமன்று. பிறவியிலேயே அமைந்த இரத்தத்தின் இயல்பு. எனினும் கர்ப்பிணிகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். தாய் நெகட்டிவ் வகையாகவும் குழந்தை பாசிட்டிவ் வகையாகவும் இருந்தால், அடுத்த கர்ப்பத்துக் குழந்தையின் இரத்தம் பாதிக்கப்படக்கூடும். இதைத் தடுக்கும் 'ஆன்டி டி' ஊசியைப் பிரசவத்திற்குப் பின் 72 மணி நேரத்திற்குள் போடவேண்டும். கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலும் போடுவது வழக்கம். கருக்கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

காசநோய்ப் பரிசோதனையில் தமிழ்ச் சொல் ஒன்றும் மயக்கம் தருகிறது. 'சளி கொண்டுவாருங்கள்' என்றால் பலர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருகிறார்கள். நாங்கள் கேட்பது நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி வெளிவரும் கெட்டியான சளி. எச்சிலை ஆராய்ந்தால், நோய் இருந்தும் 'நெகட்டிவ்' என்று முடிவு வரக்கூடும்.

டைஃபாய்டு, தைராய்டு

ஒலி ஒன்றுபோல் இருப்பதால் நாள்தோறும் மாறிப்போகும் இணை இது. டைஃபாய்டு ஒரு காய்ச்சல். கிருமி கலந்த நீராலும் உணவாலும் வருவது. குறித்த நாள்கள் மருந்து உட்கொண்டால் தீர்ந்துவிடும். தைராய்டு நோயின் பெயரே அன்று. கழுத்தின் முன்பகுதியில் எல்லோருக்கும் இருக்கும் ஒரு சுரப்பியின் பெயர். 'எனக்குத் தைராய்டு இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அந்தச் சுரப்பி குறைவாகவோ மிகையாகவோ வேலை செய்கிறது என்றுதான் நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

இந்த மயக்கத்தால் நேரும் தீங்கு சிறியதன்று. தைராய்டு குறைவுக்கான மாத்திரையைப் பெரும்பாலோர் பல்லாண்டுகள், பலர் வாழ்நாள் முழுவதும், காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் மாத்திரை என்று எண்ணிப் பத்து நாளில் நிறுத்திவிட்டு, சோர்வும் உடல் வீக்கமுமாகத் திரும்பி வந்தவர்கள் உண்டு. எனவே பெயரைச் சொல்லும்போது 'டைஃபாய்டு காய்ச்சல்', 'தைராய்டு சுரப்பி' என்று இரண்டு சொல்லாகவே சொல்லிப் பழகுங்கள். இரண்டாவது சொல் முதற்சொல்லைக் காத்துக்கொள்ளும்.

ஹைப்போ, ஹைப்பர்

ஓர் எழுத்து மாறினாலும் பொருள் நேர்எதிராகிவிடும் முன்னொட்டுகள் இவை. 'ஹைப்போ' என்றால் குறைவு. 'ஹைப்பர்' என்றால் மிகை. 'ஹைப்போ தைராய்டு' சுரப்பி குறைவாக வேலை செய்வதையும், 'ஹைப்பர் தைராய்டு' மிகையாக வேலை செய்வதையும் குறிக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு.

நீரிழிவு உள்ளவர்களின் வீட்டில் இந்த வேறுபாடு மிக முதன்மையானது. சர்க்கரை நோயாளி வியர்த்து, கை நடுங்கி, தடுமாறிப் பேசினால் சிலர் 'சுகர் ஏறிவிட்டது' என்று எண்ணி இனிப்பைத் தடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சர்க்கரை இறங்கியதன் அடையாளம். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதையே 'ஹைப்போ' என்கிறோம். நினைவோடு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள்; 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சோதிக்கும் கருவி இல்லையென்றாலும் சர்க்கரை கொடுக்கத் தயங்கவேண்டா. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

'ஹைப்பர் டென்ஷன்' என்ற சொல் வேறொரு மயக்கத்தைத் தருகிறது. "எனக்கு எந்த டென்ஷனும் இல்லீங்க டாக்டர், பிள்ளைங்க எல்லாம் செட்டில் ஆயிட்டாங்க, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்கள் பலர். அந்தச் சொல்லில் வரும் 'டென்ஷன்' மனக்கவலையன்று. இரத்தக் குழாய்களின் சுவரின்மேல் இரத்தம் செலுத்தும் அழுத்தம். மனம் அமைதியாக இருப்பவர்க்கும் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம். பெரும்பாலும் எந்தத் துன்பமும் தெரியாது. 'டென்ஷன் குறைந்துவிட்டது' என்று மாத்திரையை நிறுத்துவது பக்கவாதத்திற்கும் சிறுநீரகப் பாதிப்பிற்கும் வழி திறந்துவிடும்.

ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட், ஹார்ட் ஃபெயிலியர்

நாம் பேச்சில் மூன்றையும் 'மாரடைப்பு' என்றே சொல்லிவிடுகிறோம். மூன்றும் வேறு, செய்யவேண்டியதும் வேறு.

இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது ஹார்ட் அட்டாக். மாரடைப்பு என்ற சொல் இதற்கே பொருந்தும். நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சில் பாறாங்கல் வைத்ததுபோல் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை ஆகியவை தோன்றும். இதைக் 'கேஸ் டிரபிள்' என்று எண்ணி இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்துக் காலத்தைக் கழிப்பதே நாங்கள் அடிக்கடி காணும் துயரம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம்.

இதயம் திடீரெனத் துடிப்பை நிறுத்திக்கொள்வது கார்டியாக் அரெஸ்ட். நோயாளி சரிந்து விழுவார், அழைத்தால் அசையமாட்டார், மூச்சு இராது, அல்லது இயல்பாக இராது. இங்கே நிமிடங்களே உயிர். 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

ஹார்ட் ஃபெயிலியர் என்ற பெயரைக் கேட்டதும் குடும்பத்தினர் கதறி அழுவதைக் கண்டிருக்கிறோம். 'ஃபெயில்' என்றால் தேர்வில் தோல்வி என்று பழகியதால், எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. இரத்தத்தை இறைக்கும் ஆற்றல் குறைந்திருக்கிறது என்பதே பொருள். மாத்திரை, உப்புக் குறைப்பு, அளவான நீர், நாள்தோறும் எடை பார்த்தல் ஆகியவற்றோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. நாங்கள் இப்போது 'இதயம் சோர்ந்திருக்கிறது' என்று தொடங்கித்தான் இதை விளக்குகிறோம்.

ஸ்ட்ரோக், ஹீட் ஸ்ட்ரோக்

'ஸ்ட்ரோக்' மூளையைத் தாக்குவது, பக்கவாதம் என்போம். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே புறப்படுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். ஆகவே 'கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?' என்பதே நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

'ஹீட் ஸ்ட்ரோக்' வெயிலால் வருவது. கத்திரி வெயிலில் செங்கற்சூளையிலும் வயலிலும் சிற்பக் கூடத்தின் திறந்த முற்றத்திலும் உழைப்பவர்களுக்கு நேரக்கூடியது. உடல் வெப்பம் 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், பேச்சுத் தடுமாறும், நினைவு மங்கும். நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் நீர் ஊற்றி, விசிறிக் குளிரவைக்க வேண்டும். பக்கவாதம் என்று எண்ணி உடலைக் குளிர்விக்காமல் விடுவதும் பிழை. வெயில் மயக்கம் என்று எண்ணிப் பக்கவாத நோயாளியை நிழலில் படுக்கவைத்துக் காத்திருப்பதும் பிழை. ஐயம் எழுந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வருவதே நல்லது.

அக்யூட், க்ரானிக், கிரிட்டிக்கல்

'அக்யூட்' என்றால் கடுமையானது என்றும், 'க்ரானிக்' என்றால் முற்றிப்போனது என்றும் பலர் நினைக்கிறார்கள். இரண்டு சொற்களும் காலத்தையே குறிக்கின்றன. அக்யூட் திடீரென வந்தது, க்ரானிக் நாட்பட்டது. திடீரென வந்த வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் அடங்கிவிடலாம். நாட்பட்ட சிறுநீரக நோய் எந்த அடையாளமும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் வளரலாம்.

இந்த வேறுபாடு தெரியாததால் ஒரு குடும்பம் சிகிச்சையையே மறுக்க இருந்தது. கடும் வயிற்றுப்போக்கிற்குப் பின் அந்த வீட்டு இளைஞருக்குச் சிறுநீர் பிரியவில்லை. 'அக்யூட்' சிறுநீரகப் பாதிப்பு. சில நாள் டயாலிசிஸ் வேண்டும் என்றோம். "ஒரு தடவ மெஷின்ல போட்டா ஆயுசுக்கும் போடணுமாமே, வேணாம் சார்" என்றார் தந்தை. வாழ்நாள் முழுவதும் டயாலிசிஸ் வேண்டியிருப்பது பெரும்பாலும் நாட்பட்ட நோய் முற்றியவர்களுக்கே. திடீர்ப் பாதிப்பில் பலருடைய சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகே அவர் இசைந்தார். அவருடைய மகன் இப்போது டயாலிசிஸ் இல்லாமல் வேலைக்குப் போகிறார்.

'கிரிட்டிக்கல்' என்ற சொல் இடத்திற்கு இடம் மாறுவதற்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. 1983 ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் அணுஉலை 'கிரிட்டிக்கல்' நிலையை எட்டியபோது அங்கே மகிழ்ச்சி பொங்கியது. அணுப்பிளவு தானே தொடர்ந்து நடைபெறும் நிலையை எட்டிவிட்டது என்பதே அங்கே அதன் பொருள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே சொல், உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று பொருள்படும். 'ஸ்டேபிள்' என்றால் குணமாகிவிட்டார் என்று பொருளன்று; நிலைமை இப்போதைக்கு மோசமாகவில்லை என்று பொருள். 'ஸ்டேபிள்' என்று கேட்டதும் வெளியூர் உறவினரை 'வரவேண்டா' என்று சொல்லிவிட்டு, பிறகு வருந்தியவர்கள் உண்டு. 'ஆபத்து நீங்கிவிட்டதா?' என்று தனியே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பாய்சன், வெனம்

ஆங்கிலத்தில் 'பாய்சன்' என்பது உண்டாலோ முகர்ந்தாலோ தோலில் பட்டாலோ கேடு செய்யும் நஞ்சு. 'வெனம்' என்பது பாம்பும் தேளும் கடித்தோ கொட்டியோ உடலுக்குள் செலுத்தும் நஞ்சு. ஆங்கிலம் பேசுபவர்களே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. தமிழில் இரண்டும் 'விஷம்'தான். ஆனால் நம் மொழி வினைச்சொல்லால் வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. விஷம் 'குடித்தார்' என்பது ஒன்று. விஷம் 'தீண்டியது' என்பது வேறொன்று. பதற்றத்தில் "விஷம், சீக்கிரம் வாங்க" என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால், எந்த மருந்தோடு ஆயத்தமாக இருப்பது என்று எங்களுக்குத் தெரியாது. பூச்சிக்கொல்லி மருந்துக்குச் செய்யும் சிகிச்சை வேறு; பாம்புக்கடிக்குச் செய்யும் சிகிச்சை வேறு.

இன்னொன்றும் உண்டு. இரவில் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்று சில வீடுகளில் 'பூச்சி கடித்துவிட்டது' என்பார்கள். வீட்டில் அந்த வழக்கம் இருக்கட்டும்; மருத்துவமனை வாயிலில் 'பாம்பு' என்றே சொல்லுங்கள்.

பாம்புக்கடிக்குரிய மருந்து 'ஆன்டி வெனம்'. அது உருவாவதில் நம் மாவட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தினர் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்கிவருகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். இருளர் பெருமக்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இங்கே கவனிக்கவேண்டிய மயக்கம் ஒன்று உண்டு. பாம்பு கடித்தவர் அருகிலுள்ள ஓரிடத்தில் 'டிடி' ஊசி போட்டுக்கொண்டு, 'ஊசி போட்டாச்சு' என்று வீட்டில் படுத்துவிடுகிறார். டிடி என்பது இரணஜன்னி எனும் டெட்டனஸ் நோய்க்கான தடுப்பூசி. பாம்பின் நஞ்சை அது முறிக்காது. நாய்க்கடிக்கும் இதுவே பொருந்தும். டிடி ஊசி வேறு. வெறிநோய்த் தடுப்பூசி வேறு. 'எந்த ஊசி?' என்று கேட்டு, அதன் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நாய்க்கடி ஊசியை எல்லாத் தவணைகளிலும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிதல், விழுங்க முடியாமை என்று சொன்னால் பாம்புக்கடியையும் நினைவில் கொள்ளுங்கள். வலையில் சிக்கும் கடற்பாம்பின் கடிக்கு இந்த மருந்து பொருந்தாது. ஆகவே கடித்தது கடலிலா, கரையிலா என்பதையும் சொல்லுங்கள்.

தொழுநோயும் வெண்புள்ளியும்

சில மயக்கங்கள் உயிரைப் போக்குவதில்லை, வாழ்க்கையைக் குலைத்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'லெப்ரசி' என்பது தொழுநோய்; 'லூகோடெர்மா' அல்லது 'விடிலிகோ' என்பது வெண்புள்ளி. வெண்புள்ளியை 'வெண்குஷ்டம்' என்று அழைத்த பழைய வழக்கம், தொடர்பே இல்லாத இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அந்த ஒரு சொல்லால் நின்றுபோன திருமணங்கள் எத்தனையோ. வெண்புள்ளி தோலின் நிறமிக் குறைவு, யாருக்கும் தொற்றாது, அந்த இடத்தில் தொடுவுணர்ச்சி மாறாது.

தொழுநோய் கிருமியால் வருவது. நிறம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும் படையில் தொடுவுணர்ச்சி குறைந்திருப்பது அதன் முதன்மையான அடையாளம். வலியோ அரிப்போ இல்லாததாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. கூட்டு மருந்து சிகிச்சையை, நோயின் வகையைப் பொறுத்து, 6 மாதமோ 12 மாதமோ எடுத்துக்கொண்டால் முற்றிலும் குணமாகும், மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குப் பரவும் வாய்ப்பு பெரிதும் நீங்கிவிடுகிறது. செங்கல்பட்டுத் திருமணியில் 1955 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் இந்நோய்க்கென்றே அமைந்தது. அங்கே போவதற்கு எவரும் கூசவேண்டியதில்லை.

பயாப்சி என்றாலே புற்றுநோயா?

சந்தேகமான இடத்திலிருந்து சிறு துணுக்குச் சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது 'பயாப்சி'. இறந்தவர் உடலைப் பரிசோதிப்பது 'அட்டாப்சி'. ஒலியொற்றுமையால் முதலாவதைக் கேட்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. 'டியூமர்' என்றால் கட்டி. எல்லாக் கட்டியும் புற்றுநோயன்று. 'பினைன்' என்று எழுதியிருந்தால் பரவாத கட்டி. 'மலிக்னன்ட்' என்று எழுதியிருந்தால் புற்றுநோய். முடிவைப் பக்கத்து வீட்டாரிடம் படிக்கச்சொல்லிக் கேட்காதீர்கள். எங்களிடம் வந்து கேளுங்கள்.

மருந்துச் சீட்டிலும் அளவிலும்

'ஓடி' என்றால் ஒருவேளை. 'பிடி' என்றால் இருவேளை. 'டிடிஎஸ்' என்றால் மூன்றுவேளை. 'எச்எஸ்' என்றால் படுக்கப்போகும் நேரம். 'எஸ்ஓஎஸ்' என்றால் தேவைப்பட்டால் மட்டும்; அவசர மருந்து என்றோ நாள்தோறும் உட்கொள்ளவேண்டியது என்றோ பொருளன்று.

'டீஸ்பூன்' 5 மில்லி. 'டேபிள்ஸ்பூன்' 15 மில்லி. சமையலறைக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே மருந்துப் புட்டியோடு வரும் மூடியையோ பீச்சுக்குழலையோ பயன்படுத்துங்கள். குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் 'டிராப்ஸ்' வேறு, 'சிரப்' வேறு. 100 மில்லிகிராம் மருந்து டிராப்ஸில் 1 மில்லியில் இருக்கும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அதே மருந்து 4 மில்லியில் இருக்கும். சிரப்பின் அளவில் டிராப்ஸை ஊற்றினால் குழந்தையின் வயிற்றில் நான்கு மடங்கு மருந்து சேர்ந்துவிடும். 'மில்லிகிராம்', 'மைக்ரோகிராம்' இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில்தான் வரும்.

நீங்கள் செய்யக்கூடியவை

மருத்துவர் சொன்னதை உங்கள் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். "நான் புரிஞ்சிக்கிட்டது சரியான்னு பாருங்க டாக்டர்" என்று தொடங்கினால் போதும். அதை எவரும் தவறாக எண்ணமாட்டார். எங்கள் பிழையைத் திருத்திக்கொள்ள அதுவே வாய்ப்பு.

புரியாத சொல்லைத் தமிழில் எழுதித்தரக் கேளுங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், மீண்டும் வரவேண்டிய நாள் மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். வரும்போது பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் கொண்டுவாருங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எங்களால் அறியமுடியாது. பெரியவர்களோடு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணைக்கு வருவது நல்லது. அப்படியொருவர் இல்லையென்றால் எங்கள் செவிலியரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் அமர்ந்து படித்துக்காட்டுவார்.

தொடக்கத்தில் சொன்ன பெரியவர் ஆறு மாத சிகிச்சையை முடித்துவிட்டார். கடைசிச் சளிப் பரிசோதனையின் முடிவை வாங்க வந்தபோது, சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "நெகட்டிவ்னு போட்டிருக்கு. அப்படின்னா கிருமி இல்லேன்னுதானேம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா, கிருமி இல்ல" என்றார் எங்கள் செவிலியர். பேரனையும் பரிசோதித்தோம், அவனுக்கு நோய் வரவில்லை. தடுப்பு மருந்தையும் கொடுத்து முடித்தோம். எனினும் அந்தப் பன்னிரண்டு இரவுகளை நாங்கள் மறக்கவில்லை. இப்போது எங்கள் ஆய்வகச் சீட்டுகளில், ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே 'கிருமி உள்ளது', 'கிருமி தென்படவில்லை' என்று தமிழிலும் எழுதுகிறோம். எங்கேனும் எழுத மறந்திருந்தால், கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.